மலைக்காட்டிலை நான் சொன்ன ‘வேண்டாம்’

1. இருமல்

டென்மார்க்கிலை நான் வேலைக்குப் போன முதல் ரெண்டு மாசமும் எனக்குச் சரியான இருமல். நோய் வருத்தம் ஒண்டுமில்லை. எங்கடை போர்மனைக் கூப்பிட எனக்கு வேறை வழி தெரியேல்லை, அவ்வளவு தான்.

அவருக்குப் பேர் கெல். முதல் நாள் “சேர்” எண்டு கூப்பிட்டன். “இஞ்சை சேர் ஒருத்தரும் இல்லை. நான் கெல்” எண்டார். என்னிலும் இருவது வயசு மூத்த மனிசன், அதுகும் எனக்கு வேலை தாற ஆள். பேர் சொல்லிக் கூப்பிட வாய் வருமோ? இண்டைக்குப் புதிசாய் வேலைக்கு வாற நீங்கள் மனேச்சரைத் தோளிலை தட்டிக் கூப்பிடுறியள், எங்களுக்கு அந்த வளர்ப்பு இல்லை. அதாலை கிட்டப் போய் நிண்டு “க்கும்” எண்டு இருமுவன். அவர் திரும்பிப் பாப்பார். நான் விஷயத்தைச் சொல்லுவன்.

எண்பதுகளின்ரை நடுப்பகுதி அது. பிராண்டே எண்ட ஊரிலை ஜன்னல் செய்யிற ஒரு தொழிற்சாலை. மரச் சட்டங்களுக்குப் பெயின்ற் அடிக்கிற பகுதியிலை நானும் ராஜனும் எண்டு ரெண்டு தமிழர். ரெண்டு பேரும் தற்காலிகம். மூண்டு மாசம் பாத்து, பிடிச்சால் நிரந்தரம், பிடிக்காட்டிக் கை குலுக்கி அனுப்பிவிடுவினம். ராஜன் அதுக்குக் கவலைப்படுற ஆளில்லை. தூரத்திலை ஹ்விடோவ்ரே எண்ட ஊரிலை அவன்ரை தமையன் இருந்தார். “வாற மாசம் நான் அங்கை போறன்” எண்டு கெல்லுக்கே நேரை சொல்லிப்போட்டான்.

என்ரை நிலைமை வேறை. கலியாணம் கட்டி எட்டு மாசத்திலை றீற்றாவை யாழ்ப்பாணத்திலை விட்டிட்டு வந்தனான். வேலை நிரந்தரமானால் வீடு எடுக்கலாம், வீடு எடுத்தால் அவளைக் கூப்பிடலாம். ஒவ்வொரு கடிதத்திலையும் “இன்னும் எத்தினை மாசம்?” எண்டு கேட்டு எழுதுவாள். என்ரை முழுச் சீவியமும் அந்தப் பெயின்ற் பிரஷிலை தான் தொங்கிக்கொண்டு இருந்தது.

2. சும்மா வேலை

தவக்காலத்திலை ஒரு வியாழக்கிழமை கெல் வந்தார். “சனி ஞாயிறு நானும் என்ரை மனிசி இங்கரும் ஓட்டோகேம்பரிலை மலைக்காட்டுக்குப் போறம். மான் தின்னாமல் மரக் கண்டுகளுக்கு வேலி போடவேணும். நீங்கள் ரெண்டு பேரும் வாறியளோ? பிறிவில்லி” எண்டார்.

பிறிவில்லி எண்டால் சம்பளமில்லாமல் மனசார வந்து செய்யிற வேலை. எங்கடை ஊரிலை அதுக்குச் சிரமதானம் எண்டு பேர். போர்மன் வேலைக்குக் கூப்பிட்டால் யோசிக்கிறதோ? கேட்டு முடிக்க முன்னம் “ஓம்” எண்டிட்டன். ராஜன் மட்டும் “சாப்பாடு இருக்கோ?” எண்டு கேட்டான். “இருக்கு.” “அப்ப வாறன்.”

ஓட்டோகேம்பர் எண்டது ஒரு வானுக்குள்ளை வீடு. கட்டில், மேசை, காஸ் அடுப்பு, கக்கூஸ் எல்லாம் இருக்கும். மலை எண்ட பயத்திலை நான் ரெண்டு காற்சட்டை, மூண்டு சுவெற்றர், காதை மூடின தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டு ஏறினன். ரெண்டு மணித்தியாலம் ஓடினம். வழியிலை எனக்கு வெக்கையிலை அவியல் தான். கடைசிக் கடை, கடைசி வீடு எல்லாம் போய், தார் றோட்டும் முடிஞ்சு, காட்டுக்குள்ளை மண் பாதையிலை போய் வண்டி நிண்டது.

“இது தான் மலை” எண்டார் கெல், பெருமையாய்.

நானும் ராஜனும் சுத்திச் சுத்திப் பாத்தம். நிலம் கொஞ்சம் உயர்ந்து இருந்தது, உண்மை தான். ராஜன் தமிழிலை சொன்னான்: “அண்ணை, உது மலையில்லை. ஆரோ மண் பறிச்சுப்போட்டு அள்ள மறந்திட்டினம்.”

ஆனால் வேலித் தூணைத் தோளிலை வைச்சுக்கொண்டு நாலு தரம் ஏறி இறங்கின பிறகு ராஜனும் அதை மலை எண்டு ஒத்துக்கொண்டான்.

3. நை தக்

மத்தியானம் இங்கர் கறுப்புப் பாண் துண்டுகளுக்கு அரைச்ச ஈரல் பூசி, மேலை வெள்ளரிக்காய் வைச்சுக் கொண்டுவந்து நீட்டினா. “சாப்பிடுறியோ?”

“நை தக்” எண்டன். ‘வேண்டாம், நன்றி’ எண்டு அர்த்தம்.

வேறை என்ன சொல்லுறது? ஒருத்தர் வீட்டிலை முதல் தரம் கேட்டவுடனை கையை நீட்டினால் என்ன நினைப்பினம்? முதல் தரம் வேண்டாம். ரெண்டாம் தரம் “இப்ப தான் சாப்பிட்டனான்.” மூண்டாம் தரம் “சரி, கொஞ்சமாய்ப் போடுங்கோ.” மூண்டாம் தரம் கேட்டால் தானே அது கேள்வி.

இங்கர் “சரி” எண்டிட்டுத் தட்டை ராஜனிட்டைக் கொண்டு போனா. அவன் “யா தக்” எண்டு சொல்லி, ஒரு நிமிஷம் கண்ணை மூடிச் செபிச்சு, நாலு துண்டு திண்டான். நான் பே பே எண்டு முழிச்சுக்கொண்டு நிண்டன்.

பின்னேரம் சூப் வந்தது. “நை தக்.” நாசமாய்ப் போன நாக்கு, தன்ரை பாட்டிலை சொல்லுது. இங்கருக்கு யோசினை வந்திட்டுது. என்ரை கழுத்துச் சிலுவையைப் பாத்திட்டு ராஜனிட்டை மெல்லமாய்க் கேட்டா: “அவர் கத்தோலிக்கர் எல்லே? தவக்காலத்துக்கு உபவாசமோ?”

ராஜன்ரை வாய் நிறையப் பாண். கதைக்கேலாமல் தலையை ஆட்டிவிட்டான்.

அதோடை சரி. அடுத்த நாள் விடிய எல்லாரும் அவிச்ச முட்டை சாப்பிடேக்கை, என்ரை பக்தியை மதிச்சு இங்கர் என்னை ஒரு வார்த்தை கேட்கேல்லை. முட்டை மணம் எனக்கு வராமல் ஜன்னலையும் திறந்துவிட்டா.

“அறுவானே, ஏன்டா தலையை ஆட்டினனி?” எண்டு ராஜனைப் பிடிச்சன்.

“நீங்களும் ஏன் அண்ணை வேண்டாமெண்டனீங்கள்? சாப்பாடு நல்லாய் இருக்கு” எண்டான், அந்தக் கள்ளப் பேய்க்காய்.

4. ஒரு தரம்

ஞாயிறு மத்தியானத்துக்குப் பிறகு மலை உச்சியிலை வேலி முடியிற இடத்திலை நானும் கெல்லும் மட்டும். எனக்குப் பசியிலை கண் பூஞ்சிக்கொண்டு வருது. மரக்குற்றியிலை என்னை இருத்திப்போட்டு அவர் சொன்னார்: “பெயின்ற் பகுதியிலை நிரந்தரமாய் ஒரு இடம் இருக்கு. நீ நல்லாய் வேலை செய்யிறாய். உனக்கு வேணுமோ?”

அந்தோனியாரே! நான் நேர்த்தி வைச்ச வேலை முன்னுக்கு வந்து நிக்குது. வாய் என்ன சொன்னது தெரியுமோ?

“நை தக். ராஜனுக்குக் குடுங்கோ.”

கெல் தலையாட்டினார். “ராஜன் போறான் தானே. சரி, அப்ப வெளியிலை ஆள் பாப்பம். நாளைக்கு ஒஃபிசிலை சொல்லிவிடுறன்” எண்டு சுத்தியலை எடுத்துக்கொண்டு எழும்பிட்டார்.

ரெண்டாம் தரம் கேட்பார் எண்டு கம்பியைத் தூக்கிக்கொண்டு பின்னாலையே திரிஞ்சன். முதல் தூணடியிலை திரும்பினார். எனக்கு உயிர் வந்தது. “ஆணி இருக்கோ?” எண்டார். அடுத்த தூணடியிலை திரும்பி “கம்பி வெட்டுற குறட்டைத் தா” எண்டார். மூண்டாம் தூணடியிலை என்னை நல்லாய்ப் பாத்து, “உனக்குச் சுகமில்லையோ?” எண்டார். இல்லை எண்டன். வேலி முடிஞ்சுது.

ராஜனிட்டை ஓடிப்போய்ச் சொன்னன். “விசரோ அண்ணை உங்களுக்கு? போய் வேணுமெண்டு சொல்லுங்கோ!”

“நீ சொல்லன்ரா.”

“நான் உங்களுக்காண்டி ஒருக்காத் தலையாட்டி நீங்கள் பட்டினி கிடந்தது காணாதோ?”

ஓட்டோகேம்பர் வெளிக்கிட்டிட்டுது. கெல் ஓட்டுறார், பக்கத்திலை இங்கர், பின்னாலை மேசையடியிலை நாங்கள். தார் றோட்டு வந்தது, வீடுகள் வந்தது. பிராண்டே வந்தால் அவர் இறக்கிவிட்டிட்டுப் போயிடுவார். காலமை என்ரை இடத்துக்கு வேறை ஆள் தேடுவினம். றீற்றாவுக்கு என்னெண்டு எழுதுறது? மரியாதையாய் வேண்டாமெண்டு சொல்லிட்டன் எண்டோ?

“க்கும்” எண்டன்.

இங்கர் திரும்பி ஒரு சின்னக் கறுப்பு இனிப்புத் தந்தா. தொண்டைக்கு நல்லதாம். வாயிலை போட்டால் உப்பு! இனிப்பிலை உப்புப் போடுற சனத்தை அண்டைக்குத் தான் கண்டன். ரெண்டு நாளிலை நான் திண்ட முதல் சாப்பாடு அது.

“க்கும்! க்கும்!”

இன்னொண்டு தந்தா.

ராஜன் என்னைக் காலாலை இடிச்சான். அந்தக் கோதாரி இனிப்புத் தொண்டையிலை நிக்குது. எங்கையிருந்து வந்ததோ தெரியாது:

“கெல்!”

அவர் பயந்துபோய் பிறேக் அடிச்சார். தட்டுகள் எல்லாம் கலகலவெண்டு விழுந்தது. எனக்குத் தெரிஞ்ச டேனிஷ் முழுதையும் எடுத்துக் கத்தினன்: “எனக்கு அந்த வேலை வேணும்! எனக்குப் பசிக்குது!”

கெல் திரும்பிப் பாத்து மெல்லமாய்க் கேட்டார்: “அப்ப ஏன் வேண்டாமெண்டனி?”

“எங்கடை ஊரிலை மூண்டு தரம் கேட்கவேணும்.”

அவர் சிரிக்கேல்லை. “நீ வேண்டாமெண்டு சொன்னால், வேண்டாமெண்டு நம்புறது தான் நான் உனக்குத் தாற மரியாதை” எண்டார். “வேலை உன்னுடையது. இங்கர், இவனுக்குச் சாப்பாடு குடு.”

றோட்டுக் கரையிலை வண்டியை விட்டிட்டு, மிச்சமிருந்த பாண் முழுதையும் அழுதழுது திண்டன். வேலைக்குப் புதிசாய் வாற உங்களுக்கு நான் சொல்லுறது இவ்வளவும் தான்: வேணுமெண்டால் வேணுமெண்டு சொல்லுங்கோ, முதல் தரமே.

அடுத்த வருஷம் றீற்றா வந்து சேர்ந்தாள். வீடும் எடுத்திட்டன். முதல் ஞாயிறு கெல்லையும் இங்கரையும் சாப்பிடக் கூப்பிட்டம். றீற்றா இடியப்பமும் கோழிக்கறியும் வைச்சு, “சாப்பிடுங்கோ” எண்டு நீட்டினாள். கெல் கையைத் தூக்கி, “நை தக்” எண்டார்.

நான் இப்ப பழகின ஆள் எல்லோ. மனிசன் வேண்டாமெண்டால் நம்பவேணும். தட்டை எடுத்துக்கொண்டு நேரை குசினிக்குப் போயிட்டன்.

கொஞ்ச நேரத்தாலை மேசையிலை இருந்து சத்தம் வந்தது.

“க்கும். க்கும்.”

றீற்றா பயந்துபோனாள். “என்னப்பா, உவருக்குத் தடிமன் இருமலோ?”

“இல்லையடி” எண்டன். “பசிக்குது. இன்னும் ரெண்டு தரம் கேள்.”