வயரைப் பிடித்திருந்த விரல்கள்

யுத்தம் அதன் கடைசி வருடங்களில் மூர்க்கமாக நடந்துகொண்டிருந்த காலம் அது. யாழ்ப்பாணத்துக்குப் போகும் பாதை மறுபடியும் பூட்டப்பட்டிருந்தது. நான் கம்பளையில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பித்துக்கொண்டு, சின்ன மகளோடு ஒரு வாடகை வீட்டில் இருந்தேன். கணவருக்கு வவுனியாவில் வேலை.

என்னிடம் ஒரு மடிக்கணினி இருந்தது. சமாதான காலத்தில் கனடாவிலிருந்து வந்த அண்ணா, தான் பாவித்துக் கழித்ததை எனக்குத் தந்துவிட்டுப் போயிருந்தார். தூக்கினால் அம்மிக்கல் போலக் கனக்கும். திறந்து வைத்துவிட்டு, தேத்தண்ணி போட்டுக் குடித்து, கோப்பையையும் கழுவி வைத்துவிட்டு வந்தால்தான் வேலை செய்யத் தொடங்கும். ஆனாலும் அதை எறிய மனம் வரவில்லை. பாதை திறந்திருந்த நாட்களில் ஊருக்குப் போனபோது எடுத்த படங்கள் அதற்குள்தான் இருந்தன. என் அப்பா, தன் சைக்கிளில் பொருத்திய பிரம்பு இருக்கையில் என் மகளை வைத்துக்கொண்டு ஒழுங்கையெல்லாம் சுற்றிய படங்கள். அச்செடுக்க வேண்டும் என்று நினைத்து நினைத்தே காலம் போய்விட்டது. அப்பாவை இனி எப்போது பார்ப்போம் என்று தெரியாத நிலையில், என்னிடம் அவர் என்று இருந்தது அந்தப் படங்கள் மட்டும்தான்.

ஒரு சனிக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு கண்டி டவுனுக்குப் போனேன். மாடிப்படி ஏறிப் போகிற ஒரு சின்னக் கடை. கடைக்காரர் என்னைவிட இளையவர், முஸ்லிம். மெஷினைத் திறந்து பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"றெம் மெமரி கூட்டித் தாறன் டீச்சர், அது லேசு. ஆனா இந்த ஹார்ட் டிஸ்க் சாகப் போற நெலமயில ஈக்கிது. சத்தத்தக் கேளுங்களேன்."

காதை வைத்துக் கேட்டேன். பல்லி சொல்வதுபோல டக் டக் என்றது.

"ஐயோ தம்பி, படங்கள் போயிடுமோ?"

"சொல்லேலா டீச்சர். இன்னும் ரெண்டு தரம் ஓடவும் ஏலும், பத்துத் தரம் ஓடவும் ஏலும்."

புது றெம், புது ஹார்ட் டிஸ்க் எல்லாம் போட்டு மெஷினை ஓட வைத்தார். பழைய டிஸ்க்கைத் தன்னிடம் விட்டுவிட்டுப் போனால், சூடு ஆற ஆற வைத்து ஆறுதலாகப் படங்களை எடுத்துத் தருவதாகச் சொன்னார். மெஷினையும் விட்டுவிட்டுப் போகச் சொன்னார். அதை நான் கேட்கவில்லை, டிஸ்க்கை மட்டும் விட்டேன். தவணைப் பரீட்சை வினாத்தாளை அடித்து முடிக்க வேண்டும். அதோடு, இன்றைக்குத் திறந்திருக்கிற கடை நாளைக்கும் திறந்திருக்கும் என்று நம்ப முடியாத நாட்கள் அவை.

கடைசியில் மெஷினின் அடிப்பக்கத்து ஆணிகளை மூடி ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார். கடைப் பெயர், தொலைபேசி இலக்கம், அதற்கு மேலே தன் கையெழுத்து. வேறு யாரும் திறந்து கை வைத்தால் தெரிந்துவிடுமாம். அண்ணா தன் பெயரை எழுதியிருந்த இடத்திலேயே அதை ஒட்டியதில் எனக்குள் ஒரு முணுமுணுப்பு.

கம்பளை பஸ்ஸில் ஏறினேன். வழியில் சோதனைச் சாவடி. எல்லோரும் பைகளோடு இறங்கி நடந்து, அந்தப் பக்கம் போய்த் திரும்ப ஏற வேண்டும். என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்ததால் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே நிற்க வைப்பார்கள். அது பழகிவிட்டது. ஆனால் அன்றைக்கு அங்கே இருந்த பொலிஸ் சார்ஜன் மடிக்கணினியைத் திறக்கச் சொன்னார்.

புதுசாக்கிய மெஷின் அல்லவா, உடனே எழும்பியது. திரையில் பச்சைப் புல்வெளியும் நீல வானமும் வந்தன. அதைத் தவிர உள்ளே ஒன்றுமே இல்லை.

எழுத்து அழிந்துபோன சாவிகளைத் தடவிப் பார்த்துவிட்டு, இவ்வளவு பழைய மெஷினில் ஒரு படம்கூட இல்லையே, எதை அழித்தாய் என்று சிங்களத்தில் கேட்டார். எனக்கு அப்போது தெரிந்தது மரக்கறி வாங்கும் சிங்களம். ஹார்ட் டிஸ்க் புதுசு என்றேன். பழையது எங்கே என்றார். கடையில் என்றேன். சொன்ன பிறகுதான் விஷயத்தை இன்னும் மோசமாக்கிவிட்டேன் என்று விளங்கியது.

என்னை வாங்கில் உட்கார வைத்தார்கள். கண்டக்டர் கொஞ்ச நேரம் எட்டி எட்டிப் பார்த்தார், பிறகு பஸ் போய்விட்டது. ஸ்டேஷனுக்கு அனுப்புவது பற்றி அவர்கள் பேசிக்கொண்டது விளங்கியது. விசாரணைக்கென்று இப்படிப் போய், மாதக்கணக்கில் திரும்பி வராதவர்களை எனக்குத் தெரியும். மகள் பக்கத்து வீட்டில் என் வரவைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

சார்ஜன் மெஷினைப் புரட்டினார். ஸ்டிக்கரைப் பார்த்தார். அந்த இலக்கத்துக்குப் போன் எடுத்தார்.

அந்தத் தம்பி என்னைத் தெரியாது என்று சொல்லியிருந்தால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். ஒருநாள் பழக்கமில்லாத யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்காகச் சோதனைச் சாவடிக்கு வந்து தன் பெயரைக் கொடுக்க அந்த நாட்களில் யாருக்கு மனம் வரும்?

அவர் வந்தார். கல்யாண ஊர்வலம் மாதிரி ஒரு ஓட்டோ மெல்ல மெல்ல ஊர்ந்து வந்தது. பின்னால் வந்த வாகனங்களெல்லாம் ஹோர்ன் அடித்துத் திட்டின. உள்ளே அவர், பழைய டிஸ்க்கைத் துவாயில் சுற்றி மடியில் வைத்திருந்தார்.

"குலுங்கினா செத்துரும் டீச்சர். அதான் மெல்லப் போகச் சொன்னன்" என்றார். முதல் கவலை அவருக்கு அது!

யாரும் கேட்க முன்னமே தன் அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். சரளமான சிங்களத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டே டிஸ்க்கை ஒரு வயரால் மெஷினோடு கொழுவினார். ஒன்றும் வரவில்லை. கழற்றி, உள்ளங்கையில் கொஞ்ச நேரம் பொத்தி வைத்திருந்துவிட்டு மறுபடி கொழுவினார். டக் டக். திறந்துவிட்டது.

முதலில் என் பழைய கணித வினாத்தாள்கள். சார்ஜன் அதைச் சட்டென்று மூடச் சொன்னார். பிறகு படங்கள். அப்பாவும் மகளும் சைக்கிளில்.

யார் என்று கேட்டார். என் அப்பா என்றேன். எங்கே என்று கேட்டார். யாழ்ப்பாணம் என்று பயந்து பயந்து சொன்னேன். படத்துக்குக் கிட்டக் குனிந்து பார்த்தார். சைக்கிளில் பூட்டுகிற இந்தப் பிரம்பு இருக்கை கண்டியில் எங்கே வாங்கலாம் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஆனால் என் உயிர் திரும்பி வந்துவிட்டது.

போகலாம் என்று கையைக் காட்டினார். அந்தத் தம்பி நகரவில்லை. இந்த டிஸ்க் இன்னொரு தரம் ஓடாது, இப்போதே படங்களைப் புது டிஸ்க்குக்கு எடுத்துக்கொள்ளட்டுமா என்று சார்ஜனிடம் கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தப்பினோம் பிழைத்தோம் என்று ஓடாமல் இதென்ன துணிச்சல்! சார்ஜன் யோசித்துவிட்டுச் சரியென்று தலையாட்டினார்.

படங்கள் போகத் தொடங்கின. வயர் லூஸ். ஆடினால் நின்றுவிடும். தம்பிக்கு ஒரு கையில் டிஸ்க், மற்றக் கை சாவிகளில். வேலை மும்முரத்தில், கடைப் பையனிடம் சொல்வதுபோல, "பொட்டக் அல்லன்ன சேர்" என்றுவிட்டார். கொஞ்சம் பிடியுங்கோ சேர்!

சார்ஜன் பேனையை வைத்துவிட்டு, இரண்டு விரல்களால் வயரைப் பிடித்தார். அடுத்த பஸ் வந்தது. ரோட்டிலிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார், கையை அசைக்கவில்லை. நாங்கள் மூவரும் அந்தப் பச்சைக் கோடு ஊர்வதையே மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசிப் படமும் வந்து சேர்ந்ததும், விரல் மரத்துப்போனது என்று சார்ஜன் கையை உதறிச் சிரித்தார். வினாத்தாள்களையும் எடுத்துவிடலாம் என்று பார்ப்பதற்குள் டிஸ்க் ஒருமுறை டக் என்றது. அத்தோடு சரி. அது பிறகு ஓடவே இல்லை.

"இந்த நேரத்துல தனியப் போகப் படாது டீச்சர்" என்று, அந்தத் தம்பி அதே ஓட்டோவில் என்னைக் கம்பளையில் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டார். மஃரிப் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று ஒரு வாய் தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை.

அடுத்த வருடம் அப்பா ஊரில் தவறிப்போனார். பாதை இல்லை. என்னால் போக முடியவில்லை. அவர் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவும் கிடைக்கவில்லை. சைக்கிள் படத்தை அச்செடுத்துச் சட்டம் போட்டு, கம்பளை வீட்டிலேயே விளக்கேற்றி வைத்து அழுதேன். அழுவதற்கு ஒரு படமாவது இருந்தது.

அந்த மெஷின் போய், அதற்குப் பிறகு வாங்கியவையும் போய்விட்டன. மகள் இப்போது வேலைக்குப் போகிறாள். அப்பாவின் படம் மட்டும் இன்னும் எங்கள் சுவரில் இருக்கிறது. திவச நாளில் அதற்கு விளக்கு வைக்கும்போதெல்லாம், டிஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு வந்த அந்தத் தம்பியும், வயரைப் பிடித்துக்கொண்டு இருந்த அந்த மனிதரும் எங்கிருந்தாலும் நன்றாயிருக்க வேண்டும் என்று கேட்காமல் என்னால் கும்பிட்டு முடிக்க முடிவதில்லை.