இரண்டு செக்கன் தெரியும் ஆக்கள்

கடைசியாக நீங்கள் பார்த்த படத்தில், கதாநாயகனுக்குப் பின்னால் இருந்து தேநீர் குடித்தவன் என்ன நிறச் சட்டை போட்டிருந்தான்? யோசிக்க வேண்டாம், உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. திலக்சனுக்குத் தெரியும். சனிக்கிழமை காலையில், பழைய சவர பிரஷ் ஒன்றால் ஒரு பச்சை மனிதனின் மூன்றாவது காதில் தூசு தட்டிக்கொண்டே சொல்வார்: "மண்ணிறச் சட்டை அண்ணை. இடது கையில பொத்தான் இல்லை."

பாலையூற்றில் அவருடைய வீட்டு முன்னறையில் ஒரு கண்ணாடி அலுமாரி. அதற்குள் ஐம்பத்தெட்டுப் பேர். எல்லாம் விண்வெளிப் படங்களில் வரும் வேற்றுக்கிரகத்தாரின் சிற்றுருவங்கள். நாயகன் இல்லை, வில்லனும் இல்லை. சந்தையில் கூடை சுமப்பவர், வாசலில் காவல் நிற்பவர், கூட்டத்தோடு கூட்டமாக ஓடுபவர். ஒரு சொல் வசனம் கிடைக்காதவர்கள். பொம்மை என்று சொன்னால் திலக்சனின் முகம் சுருங்கும். "ஆள் எண்டு சொல்லுங்கோ."

கனடாவில் இருக்கும் மச்சான் பழைய சாமான் விற்கும் இடங்களில் பொறுக்கி, யாராவது ஊருக்கு வரும்போது கொடுத்தனுப்புவார். "ஹீரோவை எல்லாரும் தூக்கிக்கொண்டு போயிடுவினம். இவையள்தான் பெட்டிக்கு அடியில கிடப்பினம்" என்பார் திலக்சன். அலுமாரிக்குள் எல்லோரும் அரைவட்டமாக நின்று, நடுவில் உள்ள வெற்றிடத்தைப் பார்க்கிறார்கள். அங்கே ஏன் ஒருவரும் இல்லை என்று கேட்டேன். "அதில ஹீரோ நிக்கிறார். உங்களுக்குத் தெரியேல்லையோ?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

மனைவி பிரசாந்தினிக்கு இது பகிடி இல்லை. "என்ர சீதனக் கோப்பையள் கட்டிலுக்குக் கீழ. பிசாசுகளுக்குக் கண்ணாடி அலுமாரி" என்றார் என்னிடம். பக்கத்து வீட்டு அன்னலட்சுமி அக்கா ஒருநாள் நாலு கை உள்ள உருவத்தைக் கண்டு, செருப்பைக் கழற்றிக் கும்பிட்டிருக்கிறார். "என்ன சாமி தம்பி இது?" "சாமி இல்லை அக்கா. சாராயக் கடையில மேசை துடைக்கிற ஆள்." அக்கா கும்பிட்ட கையை எடுக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்றாராம்.

முப்பத்தொன்பது வயதுத் திலக்சனுக்குத் துறைமுகப் பக்கம் ஓர் இறங்குதுறையில் மூட்டை இறக்கும் வேலை. ஆள் சேர்த்து அனுப்பும் முகவர் ஒருவர் ஊடாகப் பதினொரு ஆண்டுகளாகப் போகிறார். இப்படிப்பட்டவர்களுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் 'மேன்பவர்'. "இண்டைக்கு எத்தனை பேர்?" என்று அங்கே கேட்டால் நிரந்தர ஊழியர்களை மட்டும் எண்ணிச் சொல்வார்கள். "மேன்பவர் எத்தனை?" என்பது வேறு கேள்வி. பதினொரு ஆண்டு முதுகு கொடுத்தவன் பேர் கணக்கில் சேரமாட்டான். இந்தச் சொல்லை நானும் எத்தனையோ முறை கூசாமல் சொல்லியிருக்கிறேன்.

மாசி மாதத்தில் ஒருநாள் காலை பத்து மணிக்கு, மூட்டைகளைத் தூக்கிய கயிறு அறுந்தது. கீழே நின்றவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஹஸ்மி. இருபத்தேழு வயது, அவரும் மேன்பவர். இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. மேற்பார்வையாளர் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முன்னர் சுற்றி நின்றவர்களிடம் சொன்னது இவ்வளவுதான்: "வீட்டுக் கூரையால விழுந்தவர். விளங்கிச்சோ?" அந்தக் கதைதான் ஆஸ்பத்திரி அட்டையில் ஏறியது. அன்று ஹஸ்மி வேலைக்கே வரவில்லை என்று முகவரும் எழுதிக் கொடுத்துவிட்டார். அவன்ர நேரம் சரியில்லை என்று சிலர் பேசிக்கொண்டார்கள். நேரத்துக்கு என்ன பிழை? அறுந்தது கயிறு. அது இரண்டு கிழமையாகப் பிரிபிரியாக நின்றதை அங்கே காணாதவர் இல்லை.

கண்ட ஒருவர் வாய் திறந்தால்தான் ஹஸ்மி வேலையில் காயப்பட்டவர். இல்லையென்றால் தன் கூரையிலிருந்து தானே விழுந்தவர். இன்னொரு சத்திரசிகிச்சை செய்யாவிட்டால் நடக்க ஏலாது. அதற்கு யார் பொறுப்பு என்பதை இந்த ஒரு வரிதான் தீர்மானிக்கும்.

அவருடைய மனைவி ஹுஸ்னியா இரண்டு பஸ் மாறிப் பாலையூற்றுக்கு வந்தார். "உங்கட பேரத்தான் இவர் சொல்றார் அண்ணா. பக்கத்துல நிண்டீங்களாம்."

"நான் பின்னால நிண்டனான் தங்கச்சி. காணேல்ல."

பிரசாந்தினி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். சும்மா இருக்க முடியாமல் ஹுஸ்னியா அலுமாரியைப் பார்த்து, இதெல்லாம் என்ன என்று மரியாதைக்குக் கேட்டார். திலக்சனுக்கு வேறு பேச்சு கிடைத்ததே பெரிய ஆறுதல். வழக்கம்போலத் தொடங்கிவிட்டார். "இவர் கதவுக்குப் பின்னால நிக்கிற ஆள். ரெண்டே ரெண்டு செக்கன்தான் வாறார், அதுவும் பாதி முகம். ஒருத்தரும் காண மாட்டினம். நான் முதல்தரமே கண்டனான்."

ஹுஸ்னியா கோப்பையைக் கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் வைத்தார்.

"அப்ப உங்களுக்குக் கண் நல்லாத் தெரியுது" என்றார். எழுந்து போய்விட்டார்.

இதை எனக்குச் சொன்னவர் பிரசாந்தினி. திலக்சன் பக்கத்திலேயே இருந்தார், மறுக்கவில்லை. நான் போன அன்று ஐம்பத்தெட்டுப் பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். "ஆர் திருப்பினது?" என்று கேட்டேன். "நான்தான். பார்க்க ஏலாமக் கிடக்கு" என்றார்.

அவரைக் கோழை என்று எழுதி முடிப்பது எனக்கு ஐந்து நிமிட வேலை. கோபத்தில் முகத்துக்கு நேரே கேட்டும்விட்டேன்: பின்னால் நின்றவன் முகத்தை முன்னால் கொண்டுவந்து அலுமாரியில் வைக்கத் தெரிகிறது, சொல்லத் தெரியாதா?

"நீங்கள் எழுதிப்போட்டுப் போயிடுவீங்கள் அண்ணை" என்றார். "விடியக் கேற்றில என்ர பேரை வாசிக்கோணும். வாசிக்காட்டி அண்டைக்கு வேலை இல்லை. ஏனெண்டு ஒருத்தரும் சொல்லவும் மாட்டினம்." அலுமாரிக் கதவை இழுத்துச் சாத்தினார். "சின்னனில அம்மா சொல்லித்தந்த முதல் பாடம் அதுதானே. ஆர் கேட்டாலும், எந்த உடுப்போட வந்து கேட்டாலும், காணேல்ல எண்டு சொல்லு. சொல்லிச் சொல்லி வாய் தானாச் சொல்லுது. அண்டைக்கும் அந்தப் பிள்ளை கேட்டு முடிக்க முதல் வந்திட்டுது."

'காணேல்ல' என்ற அந்தச் சொல் யுத்த காலத்தில் பிள்ளைகளின் உயிரைக் காப்பாற்றியது உண்மை. இன்று அதே சொல் ஓர் அறுந்த கயிற்றின் சொந்தக்காரரைக் காப்பாற்றுகிறது. இந்த ஊரின் பயத்தை யாரோ சம்பளம் கொடுக்காமல் வேலைக்கு வைத்திருக்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவரே என்னைக் கூப்பிட்டார். கலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தை மேசையில் விரித்து வைத்திருந்தார். கப்பலைக் கீறினார். பாரந்தூக்கியைக் கீறினார். கயிறு அறுந்த இடத்துக்குக் கீழே ஒரு பெருக்கல் குறி, அது ஹஸ்மி. அதற்கு ஒரு விரல் தள்ளி ஒரு புள்ளி வைத்து, பேனை தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தினார். "இது நான். பின்னால இல்லை, பக்கத்தில." புள்ளிக்குப் பக்கத்தில் முழுப்பெயரையும் எழுதினார்: கணபதிப்பிள்ளை திலக்சன். நான் எழுதும் இந்தப் பக்கத்திலும் பெயரை மாற்ற வேண்டாம் என்றார்.

பிறகு பெருக்கல் குறியைச் சுற்றி இன்னும் நான்கு புள்ளிகள் வைத்தார். அவற்றுக்குப் பெயர் எழுதவில்லை. பேனையை மூடி என் பக்கம் தள்ளினார்.

ஹஸ்மியின் விபத்து பற்றித் தொழில் அலுவலகம் நடத்தும் விசாரணை வருகிற பன்னிரண்டாம் திகதி, காலை ஒன்பது மணிக்கு. அந்த நான்கு புள்ளிகளில் ஒன்று நீங்கள் என்றால், தொழில் கந்தோருக்கு வந்து உங்கள் பெயரை எழுதுங்கள்.