இருபத்தெட்டில் நின்ற மீட்டர்

மின் அலுவலகத்தின் பின்பக்க அறையில் மீட்டர் பரிசோதிப்பதுதான் அவள் வேலை. பலகையில் பத்துப் பத்தாக மாட்டி, மின்சாரம் பாய்ச்சி, சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று கடிகாரத்தோடு ஒப்பிடுவாள். ஒழுங்காக ஓடும் மீட்டருக்கு ஈய முத்திரை. ஓடாததைத் திறந்து பார்ப்பாள். பில்லைக் குறைக்கப் படச்சுருள் துண்டைச் செருகிச் சக்கரத்தை நிறுத்தியவர்கள், மூடியில் ஊசித் துளை போட்டவர்கள் என்று ஊரின் கைவரிசை முழுவதும் அவளுக்கு அத்துப்படி. அலுவலகத்தில் அவளுக்கு மீட்டரக்கா என்று பெயர்.

அப்படிப்பட்டவளின் வயதையே வீட்டில் நிறுத்தி வைத்திருந்தார்கள். அம்மா கல்யாணத் தரகரிடம் கொடுத்திருந்த விவரத்தாளில் ஆறு வருடமாக அவளுக்கு இருபத்தெட்டு. உண்மையில் முப்பத்துநான்கு.

பத்தொன்பது வயதில் அத்தை வந்து, "இப்பவே வயசு ஏறிப்போச்சு, சீக்கிரம் தள்ளிவிடுங்க" என்றாள். அப்பா படுக்கையில் விழுந்த வருடம் அது. டிப்ளமோவை முடித்து மீட்டரக்கா வேலையில் சேர்ந்தாள். அவள் சம்பளத்தில் தம்பி கல்லூரிக்குப் போனான். இருபத்துமூன்றில், "தம்பி படிப்பு முடியட்டுமே" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். இருபத்தொன்பதில் அதே அத்தை, "ஐயோ, வயசு தாண்டிப்போச்சே" என்று கன்னத்தில் கை வைத்தாள்.

"அப்ப சரியான வயசுன்னு ஒரு நாள் வந்துட்டுப் போயிருக்கணும் அத்தை. அன்னைக்கு நான் ஆபீஸ்ல இருந்திருப்பேன். யாராவது சொல்லி அனுப்பியிருக்கலாம்ல?"

தம்பிக்கு முப்பத்திரண்டு. அதே தாளில் குடும்ப விவரத்தில் அவன் வயது முப்பத்திரண்டு என்றே இருந்தது. ஆம்பளைக்கு எதற்குக் குறைக்க வேண்டும்? ஆக, அம்மா எழுதியபடி பார்த்தால் அவன் அக்காவைவிட நான்கு வயது மூத்தவன். மாப்பிள்ளை வீட்டார் வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அது அம்மாவுக்கு உறைத்தது.

"டேய், அவங்க முன்னாடி அக்கான்னு கூப்பிட்டுத் தொலைக்காதே. பாப்பான்னு கூப்பிடு."

"பாப்பாவா? எனக்கு சைக்கிள் கத்துக்கொடுத்தவளையா?"

"வாய்ல வரலைன்னா வாயை மூடிக்கிட்டு இரு. ஒரு மணி நேரம்தானே?"

மீட்டரக்கா புடவையைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "அம்மா, நாங்க இந்த மாதிரி ஒரு வீட்டைப் பிடிச்சா ஃபைன் போடுவோம்."

"உன் ஃபைனை நீயே வச்சுக்க. இதுவும் போச்சுன்னா இனி எவன்டி வருவான்?"

கல்யாணமே வேண்டாம் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. சாயங்காலம் வீடு திரும்பினால் அன்றைய கதையைச் சொல்ல ஒருவன் வேண்டும் என்று ஆசைப்பட்டாள். முப்பத்துநான்கைச் சொன்னால் அது நடக்காமலே போய்விடுமோ என்ற பயம் அம்மாவைப் போலவே அவளுக்கும் இருந்தது.

மாப்பிள்ளைக்கு நாற்பத்திரண்டு. அதை மறைக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. தாயோடும் அக்காவோடும் வந்து முன்னறையில் உட்கார்ந்தார். டீயைக் கையில் வாங்கியதுமே அவர் அக்கா ஆரம்பித்தாள்.

"மத்ததெல்லாம் முன்னப்பின்ன இருக்கலாம். பொண்ணு முப்பதுக்குள்ள இருக்கணும்னு தம்பி கண்டிப்பா சொல்லிட்டான்."

மாப்பிள்ளை தலையாட்டினார். தட்டை வைத்துவிட்டு மீட்டரக்கா ஓரத்து நாற்காலியில் உட்காரப் போனாள்.

"அக்கா, அதுல உட்காராதே! கால் ஆடுது!" என்று தம்பி பாய்ந்து வந்து நாற்காலியைப் பிடித்தான்.

மாப்பிள்ளையின் தாய் டம்ளரைக் கீழே வைத்தாள். "ஏம்ப்பா, நீதானே மூத்தவன்? தங்கச்சியைப் போய் அக்காங்கிறே?"

"செல்லமா அப்படிக் கூப்பிடுவான்" என்றாள் அம்மா சட்டென்று. தம்பி தரையைப் பார்த்தான்.

பேசாமல் இருந்திருந்தால் அது அப்படியே அமுங்கிப் போயிருக்கும். ஆனால் கல்யாணம் முடிந்தாலும் இந்தப் பொய் முடியாது. தம்பி ஆயுசுக்கும் பாப்பா என்று கூப்பிட வேண்டும். அவள் தன் பள்ளிக்கூடக் கதையைக்கூட ஆறு வருடம் தள்ளிச் சொல்ல வேண்டும்.

"செல்லமெல்லாம் இல்லைங்க. எனக்கு முப்பத்துநாலு. அவன் என்னைவிட ரெண்டு வயசு சின்னவன்."

"முப்பத்துநாலா!" மாப்பிள்ளையின் அக்கா நிமிர்ந்தாள். "இத்தனை வருஷம் என்னம்மா பண்ணிட்டிருந்தே?"

"உங்க தம்பி என்ன பண்ணிட்டிருந்தாரு?"

"அவன் ஆம்பளை. ஒரு நிலைக்கு வர வேண்டாமா?"

"நானும் அதுக்குத்தாங்க வேலைக்குப் போயிட்டிருந்தேன்."

மாப்பிள்ளை முதல் தடவையாக வாயைத் திறந்தார். "குழந்தை குட்டின்னு ஒண்ணு இருக்குல்ல?"

"இருக்கு. டாக்டர்கிட்ட போய்க் கேட்டுடலாம். ஆனா ரெண்டு பேரும் போகணும். நாற்பத்திரண்டும் ஒரு வயசுதானே?"

பாதி டீயோடு எழுந்து போனார்கள்.

பெண்ணின் உடம்புக்கு ஒரு காலம் உண்டு என்பது உண்மைதான். அந்த உண்மையைப் பற்றி ஆணிடம் ஒரு வார்த்தை கேட்காமல், பெண்ணின் தலையில் மட்டும் கடிகாரத்தைக் கட்டித் தொங்கவிட்டது இயற்கை அல்ல. அவளை உழைக்க வைத்துத் தின்றுவிட்டு, உழைத்த வருடங்களையே அவள் குற்றமாக்கியதும் இயற்கை அல்ல. அதை இப்படி முன்னறைகளில் டீ குடித்துக்கொண்டே மனிதர்கள்தான் செய்தார்கள்.

அந்த வாரமே மீட்டரக்கா புதிய தாளில் முப்பத்துநான்கு என்று எழுதி, தரகரிடம் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள். "இப்படிப் போட்டா ஒரு ஈ காக்கா வராதும்மா" என்றார் அவர். பெரும்பாலும் அவர் சொன்னபடிதான் நடந்தது. மூன்று வருடத்தில் வந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் முதலில் சம்பளச் சீட்டைக் கேட்டார். இன்னொருவர் தன் மூன்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார். ஒவ்வொரு பிறந்தநாளிலும் அவளே தாளில் ஒன்றைக் கூட்டி எழுதினாள். அம்மா அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள்.

மூன்றாவதாக வந்தவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். வயது முப்பத்துநான்கு. அவருடைய சித்தி, "பொண்ணு மூணு வயசு மூத்தவளாச்சேடா" என்று காதைக் கடித்தாள். "படிச்சேன் சித்தி, தாள்லயே போட்டிருக்கு" என்றார் அவர். பிறகு மீட்டரக்காவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எங்க வீட்டு மீட்டர் ரொம்ப வேகமா ஓடுதுங்க. வந்து பார்க்க முடியுமா?"

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க" என்று சிரித்துவிட்டாள்.

திருமணப் பதிவு அலுவலகத்தில் மேசைக்கு இந்தப் பக்கம் நான்கு பேர் நின்றார்கள். எழுத்தர் படிவத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"பொண்ணு வயசு?"

"இருபத்தெட்டு" என்றாள் அம்மா, பழக்கதோஷத்தில்.

எழுத்தர் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தார். பிறகு கண்ணாடிக்கு மேலாக அம்மாவைப் பார்த்தார். வேன்காரர் இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டார். தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

"முப்பத்தேழு சார்" என்றாள் மீட்டரக்கா. "பேனாவைக் கொடுங்க, நானே எழுதிடறேன்."

எழுதினாள். பழைய பழக்கத்தில் ஒருமுறை எண்ணைச் சரிபார்த்தாள்.

"அக்கா, கையெழுத்தையும் போடு. பின்னாடி ஆள் நிக்குது" என்றான் தம்பி, வரிசை முழுவதும் கேட்கும்படி.