பெரில் போட்ட எண்கள்

பெரில் ஆக்ராய்டுக்குக் கால்பந்து என்றால் எரிச்சல். அவள் கணவன் கிளிஃப் முப்பத்தெட்டு வருடமாக ஹாலிங்தார்ப் டவுன் அணியின் ரசிகன். டவுன் தோற்ற சனிக்கிழமைகளில் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிடுவான். டவுன் அடிக்கடி தோற்கும். பள்ளிச் சமையலறையில் என் பக்கத்தில் நின்று உருளைக்கிழங்கு மசிக்கும்போது, திங்கட்கிழமைதோறும் அவள் இதைச் சொல்லிப் புலம்புவாள்.

தொண்ணூற்றாறு ஜனவரியில் அவளுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. ஆறு வாரம் படி ஏறக்கூடாது என்றார்கள். கட்டிலை முன்னறைக்கு இறக்கினார்கள். அங்கேதான் லண்டனுக்கு வேலைக்குப் போன மகள் விட்டுச்சென்ற கம்ப்யூட்டர் இருந்தது. அதனுள் ஒரு கால்பந்து விளையாட்டு. ஏதாவது ஓர் அணிக்கு மேனேஜராகி ஆள் எடுக்கலாம், ஆள் விற்கலாம், யாரை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்யலாம். படம் ஏதும் ஓடாது. ஆட்டம் முழுவதும் எழுத்தாகத்தான் வரும். ஒவ்வொரு வீரனுக்கும் வேகம், பாஸ், தைரியம் என்று இருபதுக்கு இத்தனை என மதிப்பெண் இருக்கும்.

நான் சூப்போடு பார்க்கப் போன மூன்றாவது வாரம், அவள் என்னை உட்காரச் சொல்லவே மறந்துவிட்டாள். விளையாட்டில் டவுனை ஏற்கனவே லீக்கில் ஒரு பிரிவு மேலே ஏற்றியிருந்தாள். பழைய ஆட்கள் ஆறு பேரை விற்றாகிவிட்டது. அதில் நான்கு பேர் கிளிஃப்புக்கு உயிர். அவன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு டீ போட்டான்.

அவள் அணியைத் தூக்கி நிறுத்தியவன் நெவில் ஸ்டாட் என்ற ஒரு முன்கள வீரன். முப்பது மைல் தள்ளி வெல்பியில் ஒரு சின்ன கிளப்பில் கிடந்தவனை வாங்கிப் போட்டாள். வேகம் பத்தொன்பது. ஒரே பருவத்தில் முப்பத்தொரு கோல். நிஜ டவுனும் இவனை வாங்க வேண்டும், மேனேஜருக்கு நானே கடிதம் எழுதப்போகிறேன் என்று ஆரம்பித்தாள்.

"முதல்ல ஆளைப் போய்ப் பாரு. அப்புறம் எழுது" என்றான் கிளிஃப்.

கால் சரியானதும் ஒரு சனிக்கிழமை என்னையும் ஏற்றிக்கொண்டு வெல்பிக்குப் போனார்கள். மழை. மொத்தக் கூட்டம் நூறு பேர் இருக்கலாம். நெவில் ஸ்டாட்டுக்கு முப்பத்தாறு வயது, முன்னே தள்ளிய வயிறு. இருபதாவது நிமிடத்தில் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.  கிளிஃப் இறைச்சி அடைத்த பேஸ்ட்ரியைக் கடித்துக்கொண்டே தோள் குலுங்கச் சிரித்தான்.

எங்களுக்கு முன்னால் ஓர் ஆள் மட்டும் தொண்டை கிழிய நெவிலுக்குக் கத்திக்கொண்டிருந்தான். பெயர் கீத். பேச்சுக் கொடுத்தபோது விஷயம் வெளியே வந்தது. விளையாட்டைத் தயாரிக்கும் கம்பெனி ஒவ்வொரு கிளப்புக்கும் ஒரு ரசிகரைப் பிடித்து மதிப்பெண் போட்டு அனுப்பச் சொல்லுமாம். வெல்பிக்குப் போடுபவன் இவனேதான்.

"வேகம் பத்தொன்பதா?" என்று பெரில் கேட்டாள்.

"அவன் என் பொண்டாட்டியோட அண்ணன்மா. கம்மியாப் போட்டா நான் வீட்டுக்குள்ள போக முடியுமா?"

பெரிலுக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. முப்பத்தொரு கோலும் பொய்யாகிவிட்டது. கீத் அவளைச் சமாதானப்படுத்த, டவுனுக்கு மதிப்பெண் போடுபவர் ஊரைவிட்டுப் போய்விட்டார், இடம் காலியாக இருக்கிறது என்று கம்பெனி விலாசத்தை எழுதிக் கொடுத்தான். அவள் அன்று மாலையே எழுதிப் போட்டாள். அடுத்த மாதம் சரி என்று பதில் வந்தது.

கிளிஃப்புக்கு இதுதான் பொறுக்கவில்லை. "முப்பத்தெட்டு வருஷமா மழையில நின்னவன் நான். எங்கிட்ட ஒருத்தனும் கேக்கலையே."

"உங்கிட்ட கேட்டா, ஜெயிச்ச அன்னிக்கு எல்லாருக்கும் இருபது போடுவ. தோத்த அன்னிக்கு எல்லாருக்கும் ஒண்ணு போடுவ. சும்மா இருய்யா" என்றாள்.

அடுத்த பருவம் அவள் ஓர் ஆட்டத்தையும் விடவில்லை. நோட்டுப் புத்தகம் நனையாமல் ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருப்பாள். கிளிஃப் இரண்டு வாரம் முறுக்கிக்கொண்டு தள்ளி நின்றான். மூன்றாவது வாரம் அவனே ஒரு ஸ்டாப்வாட்ச் வாங்கி வந்து பக்கத்தில் நின்றான். இப்போது டவுன் தோற்றாலும் வீட்டில் பேச்சு ஓயவில்லை. இடது பின்கள வீரனின் தைரியம் ஏழா எட்டா என்று தட்டு கழுவும் வரை சண்டை போட்டார்கள்.

அவள் போட்ட எண்களோடு விளையாட்டின் புதிய பதிப்பு கடைக்கு வந்த பத்தாம் நாள், மதிய உணவு நேரத்தில் ஷான் மெட்காஃப் சமையலறைக் கதவில் வந்து நின்றான். டவுனின் வலது ஓரத்தில் ஓடுபவன். இதே பள்ளியில் எங்கள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன்.

"அம்மா, என் வேகத்துக்கு ஒன்பதா? டிரெஸ்ஸிங் ரூம்ல என் பேரே இப்ப ஒன்பதுதான்."

பெரில் கையைத் துடைத்துக்கொண்டாள். "போன சீசன்ல எதிர் டீம் கோல்கீப்பரே உன்னைத் துரத்திப் பிடிச்சானா இல்லையா?"

"அன்னிக்குக் கால் வலிம்மா."

"சரி. இப்ப வலிக்குதா?"

இல்லை என்றான். உடற்பயிற்சி ஆசிரியரிடம் கடிகாரம் வாங்கிக்கொண்டு அவனை மைதானத்துக்கு அழைத்துப் போனாள். நான் கரண்டியோடு பின்னாலேயே போனேன். பிள்ளைகள் சாப்பாட்டை விட்டுவிட்டு வேலி ஓரம் கூடிவிட்டார்கள். ஷான் மூன்று முறை ஓடினான். மூன்றாவது முறை உயிரைக் கொடுத்து ஓடினான் என்றே சொல்ல வேண்டும். பெரில் கடிகாரத்தைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள், அவனை நன்றாகக் காக்க வைத்தாள்.

"பதினொண்ணு. அடுத்த வருஷம்தான் மாறும். அதுக்கு மேல ஒண்ணும் கேக்காத."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. உள்ளே வந்து கஸ்டர்ட் ஊற்றிய புட்டிங்கை இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டுப் போனான்.

அந்தக் குளிர்காலம் பெரில் தன் மதிப்பெண்களோடு தானே விளையாட்டில் டவுனை நடத்திப் பார்த்தாள். கிறிஸ்துமஸுக்கு முன்பே அணி கடைசி இடத்துக்கு வந்து, கம்ப்யூட்டர் அவளை வேலையைவிட்டு நீக்கியது. கிளிஃப் இதைப் பப்பில் ஒரு வாரம் சொல்லித் திரிந்தான். நம் கோல்கீப்பருக்கு மட்டும் இரண்டு கூட்டிப் போடேன், யாருக்குத் தெரியப்போகிறது என்று அவளிடம் கெஞ்சவும் செய்தான்.

"அவனுக்கு ஆறுதான்" என்று சொல்லிவிட்டு, பெரில் நாற்காலியை இழுத்துப் போட்டு முதல் ஆட்டத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.