கருப்புக் குழாய், பச்சைக் குழாய்

1. மேஜை மேல் இரண்டு

ஸ்டாஃப் நர்ஸாக அந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ந்த முதல் நாள், டாக்டர் மேஜையில் இரண்டு ஸ்டெதஸ்கோப் இருந்ததைப் பார்த்தேன். ஒன்று கருப்பு, ஒன்று பச்சை. ஸ்பேர்கூட வைத்திருக்கிறாரே, பொறுப்பான மனிதர் என்று மெச்சிக்கொண்டேன். அந்த மெச்சல் பத்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை.

சித்தூரிலிருந்து வேலூர் பார்டர் பக்கம் போகும் வழியில் இருக்கிறது அந்த ஊர். பேர் சொல்ல மாட்டேன். வாசலில் 'அனைத்து சிகிச்சையும் இலவசம்' என்று தெலுங்கில் பெரிதாக எழுதியிருக்கும். திருப்பதியிலிருந்து காரில் வந்துபோகும் எங்கள் டாக்டர் அந்த போர்டை ஒருநாளும் மீறியதில்லை. ஓ.பி. சீட்டு இலவசம். மாத்திரை இலவசம். கருப்பு ஸ்டெதஸ்கோப் இலவசம். பச்சைக்கு மட்டும் ஐம்பது ரூபாய். மேஜை ஓரத்தில் காலி கிளவுஸ் பெட்டி ஒன்று இருக்கும், அதில் போட்டுவிட வேண்டும். காசைக் கையால் தொட மாட்டார், அவ்வளவு சுத்தம்.

நான் விழிப்பதைப் பார்த்து அவரே விளக்கினார்.

"கருப்பு கவர்மென்ட்டுது சிஸ்டர். பச்ச என் சொந்தம். சொந்தப் பொருள் தேயுது இல்ல? தேய்மானத்த கவர்மென்ட்டா குடுக்கும்?"

ஸ்டெதஸ்கோப் தேயும் என்று எனக்கு நர்சிங் ஸ்கூலில் யாரும் சொல்லித்தரவில்லை.

வேடிக்கை என்னவென்றால், ஜனங்களுக்கு இதில் கோபமே இல்லை. பெருமைதான். "எங்க நைனாவுக்கு பச்ச கொழாய்லயே பாத்தாரு" என்று பஸ் ஸ்டாப்பில் சொல்லிக்கொள்வார்கள். கருப்புக் குழாய் வைக்கப்பட்டவர்கள் அதை வெளியில் சொல்லவே மாட்டார்கள்.

2. பிளாஸ்திரி

ஒருநாள் கூட்டம் இல்லை. இரண்டையும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். கருப்பைத் துடைக்கும்போதுதான் கவனித்தேன். நெஞ்சில் வைக்கிற வட்டத்தில் ஜவ்வையே காணோம். குழாயில் நீளமாக ஒரு விரிசல், அதன்மேல் பிளாஸ்திரி. காதில் மாட்டி என் நெஞ்சில் வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அதை நம்பினால் நான் செத்து ஒரு வாரம் ஆகியிருக்க வேண்டும்.

"சார், கருப்புல சத்தமே கேக்கல."

டாக்டர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஃப்ரீயா பாக்கறதுக்கு சத்தம் வேற கேக்கணுமா சிஸ்டர்? பர்வாலேது, பரவால்ல விடும்மா."

விட்டேன். கூசாமல் விட்டேன். பெட்டியில் எனக்கும் ஒரு பங்கு தருவதாகச் சொன்னார், வேண்டாம் என்றேன். வேண்டாம் என்றதையே பெரிய புண்ணியமாக நினைத்து, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாவ அறிக்கை சொல்லும்போது இந்த விஷயத்தைச் சேர்க்காமலே எழுந்து வந்துகொண்டிருந்தேன்.

3. குப்பம்மா

குப்பம்மா மாங்கூழ் ஃபேக்டரியில் தினக்கூலி. கூலி கைக்கு வருவது சனிக்கிழமை. அவள் வந்ததோ வியாழன். இடுப்பில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை.

"ரெண்டு நாளா ஒண்ணும் துன்னல சார். மூச்சு வாங்கிக்கினே கீது."

டாக்டர் முதலில் அவள் கையைப் பார்த்தார். கையில் ஓ.பி. சீட்டு மட்டும்தான். கருப்பை எடுத்தார், குழந்தையின் சட்டைக்கு மேலேயே வைத்தார், எடுத்தார்.

"சளிதான். சிரப் குடுங்க சிஸ்டர். நெக்ஸ்ட்!"

சிரப் எடுக்கப் போன நான் குழந்தையின் சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. அது என்னவென்று படிப்பை முடித்த எந்த நர்ஸுக்கும் தெரியும். நான் சத்தம் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. என்ன செய்தேன் தெரியுமா? என் பர்ஸிலிருந்து ஐம்பது ரூபாய் எடுத்து அந்தப் பெட்டியில் போட்டேன்.

டாக்டர் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், பச்சையை எடுத்தார். வைத்த உடனே முகம் மாறிவிட்டது. "அய்யோ, நிமோனியாம்மா! ரெண்டு பக்கமும்! ஆக்ஸிஜன் வைங்க, 108-க்கு போன் பண்ணுங்க!"

ஆம்புலன்ஸ் வருகிறவரை அவரே குழந்தையின் பக்கத்தில் நின்றார். அதையும் சொல்லத்தான் வேண்டும். கெட்டிக்கார டாக்டர். ஐம்பது ரூபாய்க்கு அப்பால்தான் அந்தக் கெட்டிக்காரத்தனம் ஆரம்பிக்கும், அவ்வளவுதான்.

திருப்பதி பெரியாஸ்பத்திரியில் எட்டு நாள் இருந்து குழந்தை பிழைத்தது. திரும்பி வந்த குப்பம்மா க்யூவில் நின்றவர்களிடம் சொன்னாள்: "கருப்பு கொழாய்ல ஒண்ணுமே தெரியல. சிஸ்டர் அம்பது ரூபா போட்டாங்கோ பாரு, பச்ச கொழாய்ல உடனே தெரிஞ்சிடுச்சி. கடன வாங்கியாவது பச்சயிலயே பாத்துக்கோங்கோ."

மறுநாள் வந்த அத்தனை பேர் கையிலும் ஐம்பது ரூபாய். அடுத்த திங்களிலிருந்து டாக்டர் அதை நூறாக்கினார். விளம்பரம் செய்தவள் நான்.

4. எல்லார் காதிலும்

நூறாக்கிய அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் பாதி டாக்டர் மேல், பாதி என் மேல். அவர் வருவதற்குள் இரண்டு குழாயையும் எடுத்துக்கொண்டு க்யூவுக்குப் போனேன். குழந்தையை மறுபடி காட்ட வந்து முதலில் நின்ற குப்பம்மா காதில் கருப்பை மாட்டி அவள் நெஞ்சிலேயே வைத்தேன்.

"கேக்குதா?"

"ஒண்ணும் கேக்கல சிஸ்டர்."

பச்சையை மாட்டினேன். அவள் கண் விரிந்தது. "அய்யே, லொடக்கு லொடக்குன்னுது!"

"அது உன் நெஞ்சுதான். பச்சயில மந்திரம் ஒண்ணும் இல்ல. கருப்பு உடஞ்சி போச்சு. தெரிஞ்சேதான் அத உங்க மேல வெச்சாங்க. நானும் தெரிஞ்சேதான் சும்மா இருந்தேன்."

குழாய்கள் க்யூ முழுக்கக் கைமாறின. டாக்டரின் கார் வந்து நின்றபோது ஒரு பெரியவர் பச்சையைக் காதில் மாட்டியபடியே கேட்டார்: "இன்னா சார், செத்த கொழாய வெச்சா எங்களுக்கு நோவு பாத்துக்கினு இருந்த?"

அந்த மாதமே எனக்கு மெமோ வந்தது. குற்றச்சாட்டு: அரசு உபகரணத்தை அனுமதியின்றி நோயாளிகளின் காதில் பொருத்தியது. தனியார் உபகரணத்தைப் பொருத்தியது பற்றி மெமோவில் ஒரு வரி இல்லை. டாக்டர் திருப்பதிக்கே டிரான்ஸ்ஃபர் வாங்கிக்கொண்டார். அலிபிரி ரோட்டில் மாலை கிளினிக்கும் திறந்தார், அங்கே எல்லாக் குழாயும் பச்சைதான் என்று கேள்வி.

பிறகு வந்தவர் ஒரு இளம் பெண் டாக்டர். முதல் நாளே பெட்டியைத் தூக்கிக் குப்பையில் போட்டார். குப்பம்மா குழந்தையோடு வந்து உட்கார்ந்தாள். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை நீட்டியதும் இவள் கையை நீட்டினாள்.

"மொதல்ல எங்கிட்ட குடும்மா. கேக்குதான்னு பாத்துட்டுத் தரேன்."

டாக்டர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். "குடுங்க மேடம்" என்றேன்.

முப்பது வருஷ சர்வீஸில் நான் படித்த பாடம் இதுதான். தப்பு நடக்கும்போது நம் கைக்காசைப் போட்டு அதை மூடினால், நாமும் அதற்குக் கட்டணம் கட்டுகிறவர்தான். இப்போது வேலைக்குச் சேரும் பிள்ளைகள் பர்ஸை மூடிக்கொண்டு வாயைத் திறக்கட்டும்.

குப்பம்மா குழாயைத் தன் நெஞ்சில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு குழந்தையின் நெஞ்சில் வைத்தாள், அங்கே கொஞ்சம் அதிக நேரம். அப்புறம்தான் டாக்டரிடம் கொடுத்தாள்.

"நல்லாவே கேக்குது. இப்ப நீ பாரும்மா."