செண்பகம் அக்காவும் என் நீல ஸ்வெட்டரும்

செண்பகம் அக்கா போய்விட்டார். நேற்று காலை.

பித்தப்பையில் கல், சின்ன ஆபரேஷன்தான். முடிந்து வார்டுக்கும் வந்துவிட்டார். அப்புறம் திடீரென்று ஹார்ட்... அவர் மகன் போனில் சொன்னபோது "எந்த செண்பகம்?" என்று கேட்டேன். எனக்கு வேறு எந்த செண்பகத்தைத் தெரியும்?

செம்பூரிலிருந்து சிஎஸ்டி வரை, ஹார்பர் லைன் ட்ரெயினின் லேடீஸ் டப்பாவில் வருஷக்கணக்காக என்னோடு வந்தவர். இந்த ஃப்ரெண்ட்ஸ் லிஸ்டில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். மீதிப் பேருக்கு... மூன்று பேர் சீட்டில் நாலாவதாக ஒட்டிக்கொண்டு, பாதி உடம்பு வெளியே இருக்க, மடியில் நூல் உருண்டையோடு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டு வருவாரே ஒரு அம்மா, அவர்தான்.

ஆமாம், ஸ்வெட்டர். மும்பையில். மே மாதத்திலும்.

"இந்த வேக்காட்டுல இதை யாருக்கா போடுவா?" என்று நான்தான் ஒரு நாள் வாயைக் கொடுத்தேன்.

"நீ ஆபீஸ் ஏசியில நடுங்குதேன்னு சொன்னேல்லா? ஒனக்குத்தாம்ட்டி."

அப்படி ஆரம்பித்ததுதான் என் நீல ஸ்வெட்டர். முடிந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள்.

அக்காவுக்கு ஆரம்பிக்க வரும், முடிக்க வராது. அத்தானுக்கு ஒற்றைக் கால் சாக்ஸ், கோபர்கைரனேயில் இருக்கும் மகன் வீட்டு சோபாவுக்குப் பாதி விரிப்பு, யார் கழுத்துக்கோ கால்வாசி மஃப்ளர்... எல்லாம் அந்தப் பைக்குள்தான் கிடக்கும்.

பேச்சு மட்டும் எப்போதும் அடுத்ததைப் பற்றி. ரிட்டயர் ஆனதும் டபுள் பெட்டுக்குப் போர்வை. அப்புறம் மருமகளுக்குப் பொஞ்சோ, அதுவும் யூடியூபில் பார்த்த டிசைன். கேட்கிற எனக்கே மூச்சு வாங்கும்.

அவர் முழுசாக முடித்துக் கொடுத்ததெல்லாம் கைக்குழந்தைகளுக்குத்தான். டப்பாவில் யாராவது மாசமாக இருக்கிறேன் என்று சொன்னால் போதும், என் ஸ்வெட்டருக்கு ஆபத்து. அந்த நீலம்தான் பிள்ளைக்கு எடுப்பாக இருக்குமாம்! பிரித்துக் குல்லா, குட்டிச் சட்டை எல்லாம் போட்டுவிடுவார். எனக்குப் புது நூல் வாங்கி மறுபடி முதலிலிருந்து.

ஒரு தடவை குர்லாவிலிருந்து வடாலா வரை என் இரண்டு கைகளையும் நீட்டச் சொன்னார். என் ஸ்வெட்டரைப் பிரித்த நூலை என் கையிலேயே சுற்றினார். எதிரே உட்கார்ந்திருந்த மாசமான பெண் "சாரி தீதி, சாரி தீதி" என்று நெளிந்துகொண்டிருந்தாள். எனக்குக் கையும் வலித்தது, கோபமும் வந்தது.

"அக்கா, இது என்னோடதுக்கா..."

"அந்தப் பிள்ளை காத்திருக்குமாட்டி? நீ எங்க போயிரப் போற? ஒனக்கு அடுத்தாப்ல போட்டுத் தாரேன். பக்கா."

டப்பாவே சிரித்தது. கடைசியில் நானும்.

மஸ்ஜித் ஸ்டேஷன் தாண்டியதும் மணிக்கட்டில் கிடக்கும் ரப்பர் பேண்டைக் கழற்றி ஊசி முனையில் சுற்றுவார். சுற்றாவிட்டால் பை குலுங்கும்போது கண்ணியெல்லாம் நழுவி, பின்னியது அவிழ்ந்துவிடும். சுற்றிவிட்டு, "பஸ். மிச்சம் சாயங்காலம்" என்பார். பஸ் என்றால் இந்தியில் போதும். தினமும் இதே வார்த்தைதான்.

போன வாரம் ட்ரெயினில் ஸ்வெட்டரை என் மேல் வைத்து அளவு பார்த்தார். உடம்பு முடிந்து, ஒரு கையும் முடிந்திருந்தது. அளவு கச்சிதம்.

"இந்தத் தடவை எவ மாசமானாலும் இதைப் பிரிக்க மாட்டேன். ஆஸ்பத்திரியில சும்மாதான கெடக்கணும், இன்னொரு கையையும் போட்டுருதேன்."

நான் நம்பவில்லை. சும்மா சிரித்து வைத்தேன்.

நேற்று எல்லாம் முடிந்து, கூட்டம் குறைந்த பிறகு அத்தான் ஆஸ்பத்திரிப் பையை எடுத்து வந்தார். டவல், ஃப்ளாஸ்க், மூக்குக் கண்ணாடி... அடியில் நீல ஸ்வெட்டர். இரண்டாவது கை தோள் பக்கம் கொஞ்சம் ஏறியிருந்தது.

"அங்க ஒரு நர்ஸ் பிள்ளை மாசமா இருக்கா. ஒங்க அக்கா அவகிட்ட, 'ஒம் பிள்ளைக்கு அடுத்தாப்ல போடுதேன், மொதல்ல இதை முடிக்கணும்'னு சொல்லிட்டாம்மா. நானே ஆச்சரியப்பட்டேன்" என்றார்.

அதுவரை எப்படியோ அடக்கி வைத்திருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

அத்தான் பாவம், என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்து, "பையில குத்தும், உருவிட்டுத் தாரேன்" என்று ஊசியில் கை வைத்தார்.

"உருவாதீங்க அத்தான்!"

வீடே திரும்பிப் பார்த்தது. எனக்கே என் குரல் யாருடையதோ மாதிரி இருந்தது.

ஊசி முனையில் ரப்பர் பேண்ட். இறுக்கமாக, இரண்டு சுற்று.

"ஆபரேஷன் தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போக வந்தாவல்லா, அப்ப சுத்துனா. 'பஸ், மிச்சம் சாயங்காலம்'னு சொல்லிட்டுப் போனா" என்றார் அத்தான். அது எங்கள் ட்ரெயின் வார்த்தை என்று அவருக்குத் தெரியாது.

இத்தனை பிளானையும் வைத்துக்கொண்டு எப்படி அக்கா கிளம்பினீர்கள்? கோபமாக வருகிறது.

அந்த நர்ஸுக்கு இது ஏழாம் மாதமாம். உங்கள் வழக்கப்படி பார்த்தால் ஸ்வெட்டரைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். என்னால் முடியாது. ஆனால் இன்னொரு கைக்கு வைத்திருந்த நூல் உருண்டை அப்படியே இருக்கிறது. அதைக் கத்தரித்து எடுத்துக்கொள்கிறேன்.

ஃப்ரெண்ட்ஸ், குழந்தைக்குக் குல்லா பின்னத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள். செம்பூர், மாட்டுங்கா, தாணே, எங்கே இருந்தாலும் நூலை நானே கொண்டு வந்து தருகிறேன். சீக்கிரம், ப்ளீஸ். அந்தப் பிள்ளை காத்திருக்காது.

எனக்கு ஒரு கை போதும் அக்கா. ரப்பர் பேண்டை எடுக்க மாட்டேன்.

போய் வாருங்கள்.