பாரத மாதாவின் பெருவிரல்

எங்கள் வீட்டில் சாமி படம் என்று எதையும் காசு கொடுத்து வாங்கியதில்லை. அப்பா வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீஸில் வருஷா வருஷம் கொடுக்கும் காலண்டர்தான் எங்களுக்குச் சாமி. தேதித்தாள் தீர்ந்ததும் அம்மா அட்டையை மட்டும் ஆணியடித்து மாட்டிவிடுவாள். முருகனுக்கும் லட்சுமிக்கும் நடுவில் பாரத மாதா வந்து சேர்ந்தது அப்படித்தான். பக்கத்தில் சிங்கம், கையில் கொடி, காலடியில் நாடு.

இவள் எந்த ஊர்க் கோயில் தெய்வம் என்று அம்மா விசாரித்ததே இல்லை. கிரீடமும் சிங்கமும் இருந்தால் போதாதா? வெள்ளிக்கிழமைதோறும் மற்றவர்களுக்கு வைப்பதுபோல இவளுக்கும் நெற்றியில் ஒரு பொட்டு, பாதத்தில் ஒரு பொட்டு. தேசபக்தி எங்கள் வீட்டுக்குள் குங்குமத்தோடுதான் நுழைந்தது.

நான் நான்காம் வகுப்பு படித்தபோது, சித்தப்பா ஒருநாள் என்னை அந்தப் படத்தின் முன்னால் நிறுத்தினார்.

“ஏட்டி, நம்ம ஊரு எங்கன இருக்குன்னு காட்டு பாப்போம்.”

நான் குத்துமதிப்பாகச் சிங்கத்தின் வாலைத் தொட்டுக் காட்டினேன்.

“ஆத்தா பெருவிரலுக்கு அடியிலல்லா இருக்கு! அவ அசையாம நிக்கதனாலதான் நாம பொழச்சுக் கெடக்கோம். காலை மாத்தி வச்சான்னா சட்னிதான்.”

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு டீ குடிக்கப் போய்விட்டார். நான் நிமிர்ந்து பார்த்தேன். பெருவிரலைச் சுற்றிலும் வெள்ளிக்கிழமைக் குங்குமம் வழிந்து, காய்ந்து, கருஞ்சிவப்பாகக் கிடந்தது.

அதன்பிறகு அந்த அறையில் நான் சத்தமாகத் தும்மக்கூட இல்லை. கோடையில் கரிசல்காடு கை நுழையும் அளவுக்கு ஏன் வெடித்துக் கிடக்கிறது என்பதும் விளங்கிவிட்டது. மழை இல்லாததால் என்று அப்பா சொன்னார். பிள்ளைகள் பயந்துவிடக் கூடாதென்று பெரியவர்கள் சொல்லும் பொய் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த ஆகஸ்டில் பள்ளிக்கூடத்தில் பாரத மாதா வேஷத்துக்கு என்னைப் பிடித்தார்கள். இடுப்புவரை முடி இருந்ததுதான் என் ஒரே தகுதி. பார்த்து வரைவதற்கு எங்கள் வீட்டுக் காலண்டரையே ட்ராயிங் சார் கேட்டு வாங்கிக்கொண்டார். கொடியேற்றும் நாள் காலையில், அம்மாவின் கல்யாணப் பட்டும் அட்டைக் கிரீடமுமாக மைதானத்துக்குப் போனால், கலர் கோலப்பொடியில் முழு நாடும் தரையில் கிடந்தது.

“ஏறி நில்லும்மா. படத்துல உள்ள மாதிரியே நிக்கணும்” என்றார் சார்.

தம்பிக்குக் காய்ச்சல் என்று அம்மா வீட்டிலேயே இருந்துவிட்டாள். நான் காலை வைத்தால் அவர்கள் கதி? அழுதால் மை கலைந்துவிடும் என்று டீச்சர் வேறு மிரட்டியிருந்தார். தலைமையாசிரியர் கயிற்றைப் பிடித்துவிட்டார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

அப்போதுதான் நாட்டுக்குக் கீழே, கடலுக்குள் தனியாக, மாங்காய் வடிவத்தில் ஒரு பச்சைத் துண்டு கண்ணில் பட்டது. காலண்டரில் இருந்ததென்று சார் அதையும் விடாமல் போட்டிருந்தார். அங்கே எனக்குத் தெரிந்தவர்கள் யாருமில்லை. இரண்டு காலையும் சேர்த்து அதன்மேல் ஏறி நின்றுகொண்டேன். கொடி ஏறியது, கைதட்டினார்கள். எங்கள் ஊர் தப்பித்தது.

மிட்டாய் கொடுக்கும்போது என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எதிரே வந்து நின்றாள். எட்டயபுரம் ரோட்டிலிருந்த அகதிகள் முகாமிலிருந்து வருகிறவள். வகுப்பில் வாயே திறக்கமாட்டாள்.

“நீ ஏன் எங்கட நாட்டில ஏறி நிண்டனீ?”

“அது நாடெல்லாம் இல்லட்டி. அங்கன ஆளே கெடையாது. சார் சும்மா வரைஞ்சிருக்காவ.”

“எங்கட அப்பா அங்கதான் இருக்கிறார்.”

அவள் மிட்டாயைக்கூட வாங்கவில்லை. மைதானத்துக்குப் போய்க் குந்தி, என் கால்தடம் பதிந்திருந்த பச்சைப் பொடியை உள்ளங்கையால் மெதுவாக, திரும்பத் திரும்பத் தடவிச் சரிசெய்துகொண்டிருந்தாள். வேஷம் கிடைக்காத பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். கிரீடத்தைக்கூடக் கழற்றாமல், அம்மாவும் தம்பியும் நசுங்காமல் இருக்கிறார்களா என்று பார்க்க வீட்டுக்கு ஓடினேன்.